இங்கே தண்ணீர் குடி

பிப்ரவரி 3

அன்புள்ள மைக்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலம் என்று உன் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுகிறார். எப்போது போன் செய்தாலும் அவர்தான் எடுக்கிறார். முதல் நாள் "அவ குளிக்கிறா" என்றார். அடுத்த முறை "கடைக்குப் போயிருக்கா". நேற்று மறுபடியும் "குளிக்கிறா". விடுதியில் நாலு சொம்புத் தண்ணீரில் குளியலை முடித்துக்கொண்டு ஓடியவள் நீ. என்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது. இருந்தால் பதிலில் திட்டிக்கொள். இப்போது எனக்கு நீ வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பிரெட் தொழிற்சாலையில் ஒரு சங்கதி நடந்துவிட்டது. மாவு பிசைகிற பெரிய இயந்திரத்தின் பின்பக்கம் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. இரவு ஷிப்டுக்காரர்கள் கழுவுவதற்காக அதைக் கழற்றியிருக்கிறார்கள். திரும்ப மாட்டுவதற்குள் சங்கு ஊதிவிட்டது. "தடுப்பு மாட்டவில்லை, ஓட்ட வேண்டாம்" என்று ஒரு சீட்டு எழுதிப் பலகையில் குத்திவிட்டுப் போய்விட்டார்கள். அதன் மேலேயே யாரோ ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையைக் குத்திவிட்டார்கள்.

காலை ஷிப்டு என்னுடையது. என் ஆள் ஒருத்தி, தலைமுடி எந்தத் தொப்பிக்கும் அடங்காததால் எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடுகிறவள், இயந்திரத்தை ஓட்டிவிட்டு உப்புக் கொட்டப் பின்பக்கம் போயிருக்கிறாள். கோட்டுக் கை உள்ளே சிக்கிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவன் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்ததால் துணியோடு போயிற்று. தோள்வரை கிழிந்த அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது எச்.ஆர். மேலாளர் என்ன சொல்கிறார் தெரியுமா? "சீட்டு பலகையில இருந்திருக்கு. படிக்காதது அவங்க தப்பு." மாதக் கடைசிக் கூட்டத்தில் இயக்குநர் முன்னிலையில் சுருட்டையை வேலையிலிருந்து எடுப்பதாக ஏற்பாடு. அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நெரிசல் வேண்டாம் என்று போகிற ஷிப்டு பின்வாசல் வழியாகப் போகும், வருகிற ஷிப்டு முன்வாசல் வழியாக வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே கிடையாது. போகிறவர் வருகிறவருக்கு இயந்திரத்தின் முன்னால் நின்று, "இது இப்படி இருக்கு, இது முடியலை" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்கிறேன் நான். "அப்ப கூட்டத்துல நீங்களே சொல்லுங்க, பத்து நிமிஷம் தர்றேன்" என்றுவிட்டார் எங்கள் மேலாளர்.

நான்! பேசுவது! பள்ளிக்கூடத்தில் நான் எழுதுவேன், நீ பேசுவாய். அதனால்தானே வகுப்பே உன்னை மைக் என்றும் என்னை மைக்கூடு என்றும் கூப்பிட்டது. கோப்பைகள் எல்லாம் உன் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அதற்கும் ஒருநாள் கணக்குத் தீர்க்க வேண்டும்.

ஆகவே ஒரு காரியம் செய்துவிட்டேன். என் சிநேகிதி ஒரு பெரிய கம்பெனியில் ஊழியர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவள், அவளை ஆலோசகராக அழைத்து வரலாமா என்று கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். பழையபடி நான் எழுதித் தருகிறேன். நீ வந்து பேசு. என் வீட்டு மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டேன்.

உன்
மைக்கூடு


பிப்ரவரி 9

அடி மைக்கூடே,

கோபமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. போனில் பேசினால் நீ "சரி சரி" என்று சொல்லிவிட்டு நழுவுவாய். குறுஞ்செய்தி என்றால் கட்டைவிரல் அளவுக்குத்தான் யோசிப்பாய். கடிதத்தில் நழுவ முடியாது. அதனால் கொஞ்ச நாளைக்கு நமக்குள் கடிதம்தான்.

நான் வரமாட்டேன்.

உன் மூக்கு சிவப்பது இங்கிருந்தே தெரிகிறது. முழுவதும் படி. அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்பவள் நீ. அந்தக் கோட்டைப் பார்த்துச் சோறு இறங்காதவள் நீ. நான் வந்து நிறுத்தி நிதானமாகப் பேசினால் "ஆகா, என்ன குரல்" என்பார்கள். என் குரலைப் பாராட்டிவிட்டு சுருட்டையை வீட்டுக்கு அனுப்புவார்கள். அவளுக்கு அழகான குரல் வேண்டாம், அவளைத் தெரிந்த குரல் வேண்டும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பயிற்சி வகுப்புகளுக்கு இப்போது இன்னொருவர் போகிறார். நான் வீட்டிலிருந்தே எழுத்து வேலை பார்க்கிறேன். "கல்யாணம் ஆனதிலிருந்து வீடு இவ்வளவு அமைதியா இருந்ததில்லை" என்று நீ அண்ணன் என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டு திரிகிறார். மாடியில் இருந்தால் அவரைக் கூப்பிட ஒரு மணி வாங்கியிருக்கிறேன். ஆட்டினால் ஓடி வருகிறார். மகாராணி வாழ்க்கைதான் போ.

பேச்சை எழுதி அனுப்பு. திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
மைக்


பிப்ரவரி 13

மைக்,

"அன்புள்ள" கிடையாது. கோபமாக இருக்கிறேன்.

நம்பினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். உனக்கு எழுத வராத நேரத்தில் ராத்திரியெல்லாம் விழித்து எழுதிக் கொடுத்தவள் நான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிக்க வேண்டும், எப்போது பின்வரிசையைப் பார்க்க வேண்டும் என்பதுவரை அடைப்புக்குறி போட்டு எழுதித் தந்தேன். நீ மேடையேறி வாய் திறந்தாய், கைதட்டல் வாங்கினாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். மைக்கூடு கவிழ்ந்தால் யாருக்கு என்ன.

எங்கள் கூட்ட அறை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நீளமான மேஜை, அந்தக் கோடியில் இயக்குநர். ஏ.சி. சத்தத்தில் பேசினால் பாதி காதில் விழாது. மைக் இருக்கிறது, அது கரகரக்கும். நேற்று குளியலறையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். என் மகன் கதவைத் தட்டி, "அம்மா, யார்கிட்டம்மா மன்னிப்பு கேட்கிறீங்க?" என்றான்.

சுருட்டை தினமும் வேலைக்கு வருகிறாள். இயந்திரத்தின் பக்கம் விடுவதில்லை. பெட்டி மடிக்க உட்கார வைத்திருக்கிறார்கள். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பேச்சை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழு பக்கம். நீ கேட்டதற்காக அல்ல, அவளுக்காக.

மைக்கூடு


பிப்ரவரி 18

என் கோபக்காரிக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஏ.சி.யை அணைக்கச் சொல். மைக் கரகரத்தால் தள்ளி வை. உனக்கு மாவு இயந்திரச் சத்தத்துக்கு மேல் ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அதற்கு மைக் எதற்கு?

ஏழு பக்கத்தையும் படித்தேன். முதல் இரண்டு பக்கம் முழுக்க "மதிப்பிற்குரிய". மேலாளருக்கு நன்றி, அதிகாரிகளுக்கு நன்றி, வாய்ப்புக்கு நன்றி. நீ என்ன கேட்க வந்தாய் என்பது ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. அதற்குள் இயக்குநர் மனதால் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டிருப்பார். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம் மிச்சம். அழாதே, அந்த ஒன்றரைப் பக்கமும் நீ எழுதியதுதான், நல்ல பக்கங்கள்.

நான் வகுப்பில் சொல்வதை உனக்கும் சொல்கிறேன், காசு வேண்டாம். அந்தக் கிழிந்த கோட்டைக் கொண்டுபோ. வாயைத் திறப்பதற்கு முன்னால் மேஜையில் வை. பிறகு அவள் பெயரைச் சொல்லி, அது அவளுடையது என்று சொல். கேட்பதை ஒன்றே ஒன்றாகக் கேள். ஒன்பது கேட்டால் ஒன்றும் தரமாட்டார்கள். மேஜையின் அந்தக் கோடியில் இருப்பவருக்குப் பேசு, நடுவில் இருப்பவர்களுக்குத் தானாகக் கேட்கும். நீ எந்தக் கேள்விக்குப் பயப்படுகிறாயோ அதை யாராவது கட்டாயம் கேட்பார்கள், அதற்கு மட்டும் பதிலை முன்கூட்டியே சொல்லிப் பழகு. "மன்னிக்கவும்" என்ற சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. பயம் வரும். வந்தால் வரட்டும், அதுவும் ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும்.

ஒரு விஷயம். பேச்சில் எங்கும் அடைப்புக்குறி இல்லை. எனக்கென்றால் வரிக்கு வரி போடுவாய், உனக்கென்றால் ஒன்றுகூடப் போடவில்லை. அதனால் நான் ஒன்று போட்டிருக்கிறேன். நீ மூச்சு விடாமல் ஓடுகிறவள், எங்கே ஓடுவாய் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை உதவி தேவைப்படுகிறவள் நீ இல்லை, நான்தான் என்று நினைத்துக்கொண்டு போய்ப் பேசு. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காதே.

எப்போதும் உன்
மைக்


பிப்ரவரி 25

மைக்,

நாளைக்குத்தான். நேற்றும் போன் செய்தேன். அண்ணன் எடுத்தார், பின்னால் அந்த மணிச் சத்தம் கேட்டது. "அவ ஆசி சொல்றா" என்றார். சொல்வதை நீயே சொன்னால் என்ன குறைந்துவிடும்? இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

கோட்டைத் துவைக்கட்டுமா என்று சுருட்டை கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மைக்கூடு


பிப்ரவரி 27

என் தங்கமே, என் ராட்சசியே,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், உன்னை ஐந்தாம் பக்கம்வரை காக்க வைக்க மாட்டேன். சுருட்டை வேலையில் இருக்கிறாள். இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டாள். பின்வாசலைப் பூட்டிவிட்டார்கள்.

இனி நடந்ததைக் கேள். கோட்டை மேஜையில் வைத்தேன். மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. யாரோ காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்கள். "இது எங்க சுருட்டையோட கோட்டு" என்று ஆரம்பித்தேன். அவளுடைய நிஜப் பெயரைச் சொல்ல மறந்துவிட்டேன் பார், ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் காகிதத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன். நீ சொன்னது போலவே மூச்சே விடவில்லை. கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகிறது, வாய் அதன் பின்னால் ஓடுகிறது. அப்படியே ஓடிக்கொண்டிருந்தவள் முழுக்குரலில், எல்லோருக்கும் கேட்க, "இங்கே ஒரு வாய் தண்ணீர் குடி" என்று படித்துவிட்டேன்.

உன் அடைப்புக்குறி! உன் கையெழுத்து! எனக்கு எழுதிய ஒரே ஒரு கட்டளையையும் வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன். இத்தனை வருஷம் உனக்கு எழுதினேன், நீ ஒரு தடவையாவது படித்திருப்பாயா? எனக்கு ஒன்று எழுதினால் இந்தக் கதி.

அந்தக் கோடியில் இயக்குநர் என்ன செய்தார் தெரியுமா? தம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். நிஜமாகக் குடித்தார். எச்.ஆர். மேலாளரும் பார்த்துவிட்டுத் தன் தம்ளரை எடுத்தார். எனக்கு அடக்க முடியவில்லை. "சார், அது எனக்கு எழுதினது" என்றேன். இயக்குநர் வாய்த் தண்ணீரை விழுங்க முடியாமல் சிரித்தார். அறையே சிரித்தது. நானும் குடித்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்தபோது காகிதத்தில் எங்கே நிறுத்தினேன் என்று தெரியவில்லை. தேடவும் தோன்றவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் பேசியது நான்தான், மைக். இயந்திரத்தின் பின்பக்கம் முன்னால் நிற்பவருக்குத் தெரியாது என்பதைக் கையால் காட்டினேன். உப்பு மூட்டையை எப்படித் தூக்குவார்கள் என்று நின்று காட்டினேன். நீ சொன்னபடியே அந்தக் கேள்வி வந்தது. "பலகையில எழுதியிருக்கே, படிக்க வேண்டாமா?" நான் கேட்டேன்: "சார், இந்த அறை வாசல்லயும் ஒரு பலகை இருக்கு. இன்னிக்கு அதுல என்ன இருக்குன்னு நம்மள்ல யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. அதைத் தாண்டித்தான் நானும் வந்தேன்." எச்.ஆர். மேலாளர் எழுந்து கதவைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து, "இந்த அறையில இன்னிக்கு ஏ.சி. ரிப்பேராம், வேற அறைக்குப் போகணுமாம்" என்றார். அவரே சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், நான்தான் அவரை ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்டேன். போகிறவர் வருகிறவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகட்டும். இயக்குநர், "செய்ங்க" என்றார். "அந்த அம்மா மேல இருக்கிற மெமோவைக் கிழிச்சிடுங்க" என்றும் சொன்னார். கைதட்டினார்கள், மைக், எனக்கு!

இன்று காலை முதல் நாள். இரவு ஷிப்டிலிருந்து ஒரு நெட்டை மனிதர் இயந்திரத்தருகே கூச்சத்தோடு நின்றார். சுருட்டை போனாள். இத்தனை வருஷம் ஒரே இயந்திரத்தில் அவளுக்கு முன்னால் வேலை செய்தவரின் முகத்தை இன்றுதான் பார்க்கிறாள். "தடுப்பு மாட்டியிருக்கு, நானே மாட்டினேன்" என்றார். "பார்த்தேன்" என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெருமையாக இருக்கிறது, சொல்வதற்கு வெட்கமில்லை, என்னை நினைத்தே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இதைக் கடிதத்தில் சொல்லி என்ன பயன், நீ கேட்டிருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். குளிக்கப் போகாதே.

உன்
மைக்கூடு


மார்ச் 6

என் பெருமையே,

உன் கடிதத்தை உன் அண்ணனைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். தண்ணீர் குடித்த இடத்தில் அவர் சிரித்து, நிறுத்தி, மறுபடி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சத்தம்தான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. தொண்டையில் ஒரு கட்டி வந்தது. நவம்பரில் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். நல்லபடியாகப் போயிற்று, மறுபடி வராது என்கிறார்கள். கட்டியோடு குரலும் போய்விட்டது. கிசுகிசுப்பாகக்கூட வராது. மணி அதற்குத்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். ஆரம்பத்தில் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். நானே என்னிடம் சொல்லிக்கொள்ள நாளாயிற்று. பிறகு உன் கடிதம் வந்தது. அப்போது சொல்லியிருந்தால் நீ அந்த அறைக்குள் எனக்காக அழுதுகொண்டே போயிருப்பாய். நீ சுருட்டைக்காகப் போக வேண்டியிருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன், அது இப்போது எனக்கு எளிது.

பள்ளி நாளில் ஒவ்வொரு மேடையிலும் கைதட்டல் கேட்டபோது நான் உன்னைத் தேடுவேன். நீ கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாய். அந்தப் பேச்செல்லாம் உன்னுடையது என்று எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருக்கும். இந்தத் தடவை உனக்குக் கைதட்டினார்கள், நான் கடைசி வரிசையில் இருந்தேன். இவ்வளவு சந்தோஷமான இடம் அது என்று நீ ஏன் சொல்லவே இல்லை?

இப்போது நானும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதம் எட்டாம் தேதி என் அலுவலகத்தில் எனக்குப் பிரிவு உபசாரம். பேச்சு கற்றுக்கொடுத்தவள் பேச முடியாமல் போகிறாள் என்று எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். கும்பிட்டுவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. பதில் பேச்சு எழுதியிருக்கிறேன். உன் அண்ணன் படிக்கிறேன் என்கிறார். அவர் படித்தால் மின்சாரம் நிறுத்தும் அறிவிப்பு மாதிரி இருக்கும்.

இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றரைப் பக்கம்தான். இந்தத் தடவை நான் எழுதியிருக்கிறேன். நீ வந்து பேசுவாயா?

உன்
மைக்


மார்ச் 11

என் அன்பு மைக்,

வருகிறேன். ஏழாம் தேதியே வந்துவிடுவேன்.

உன்னை என்ன செய்வது என்றே தெரியவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். சுருட்டை வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எனக்குச் சொல்லாமல் அறுவை சிகிச்சைக்குப் போனதற்கு உன்னை நேரில் வந்து திட்டப் போகிறேன். பொழுது விடிந்து பொழுது போகத் திட்டுவேன். நம் சிநேகிதத்தில் முதல் தடவையாக நீ குறுக்கே பேச முடியாது, நான் இந்த வாய்ப்பை விடுவதாக இல்லை. முடியாவிட்டால் மணியை ஆட்டு.

பேச்சைப் படித்தேன். ஒரு சொல்லையும் அடிக்க மாட்டேன். எங்கள் கூட்ட அறையில் ஏ.சி. சத்தத்துக்கு நடுவில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். ரிப்பேர் பார்த்தும் அந்தச் சத்தம் போகவில்லை. அந்தக் கோடியில் சுருட்டையை உட்கார வைத்திருக்கிறேன், கேட்கிறது என்கிறாள். லீவு கேட்கப் போனபோது எச்.ஆர். மேலாளர், "போய் நல்லா பேசிட்டு வாங்க, தண்ணி மறந்துடாதீங்க" என்றார்.

அலமாரியில் இருக்கிற கோப்பைகளைத் துடைத்து வை. பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டு விழாவுக்கு வா, அதில்தான் தண்ணீர் குடிக்கப் போகிறேன்.

இன்னொன்று. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், அடைப்புக்குறிக்குள், "இங்கே அழாதே" என்று எழுதியிருக்கிறாய். மற்ற எதையும் வாய்விட்டுப் படிக்க மாட்டேன், இதை மட்டும் படிப்பேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற உன்னைப் பார்த்துத்தான் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் குரல்